இரண்டு இலை சாப்பிட்ட மாப்பிள்ளை

திண்டுக்கல்லுக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள். என் வயிற்றைப் பார்த்து விவரம் தெரிந்தவன் என்று முடிவு செய்கிறார்கள் போலிருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிபாரிசு செய்தது மூன்று கடைகளை. காலையில் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு காபி கிளப். அங்கே ரவா தோசைக்குப் பொறுமை வேண்டும். கெட்டிச் சட்னி வந்ததும் கோபம் போய்விடும். மதியம் ராவுத்தர் ஒருவரின் பிரியாணிக் கடை. சீரகச் சம்பா வாசனை தெருமுனையிலேயே ஆளைப் பிடிக்கும். தாமதமாகப் போனால் அண்டாவின் அடியைத்தான் தரிசிக்கலாம். கறி ஆகாத நாளுக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை. அந்த மூன்றாவது கடையில்தான் என் கல்யாணம் ஏறக்குறைய நின்றுபோனது.

பெண்ணுக்கு ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். பழனியில் ஒருமுறை பார்த்தேன். பிறகு வேறு பெண் பார்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவளுடைய தாய்மாமன் வந்து என்னைப் பார்த்துச் சரி என்றால் நிச்சயம் என்று பேச்சு. பெண்ணின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: மாப்பிள்ளை புகை பிடிக்கக் கூடாது. நான் எழுத்தராக இருந்ததோ சுருட்டுக் கம்பெனியில்.

தாய்மாமன் வந்த அன்று கிருத்திகை. பிரியாணித் திட்டம் கலைந்தது. சாப்பாட்டுக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இலை போட்ட பிறகுதான் சட்டைப்பையில் இரண்டு சுருட்டு இருப்பது உறைத்தது. மெல்லிய மல் சட்டை. இடது கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டேன்.

"ஏனுங்க தம்பி, நெஞ்சு வலிங்களா?" என்றார்.

"இல்லீங்க. சாப்புடையில இப்படி வச்சுக்கிறது பழக்கம்."

"நல்ல பழக்கமுங்க," என்றார். சிரிக்கவில்லை.

சாம்பார், ரசம், மோர் எல்லாம் எப்படி உள்ளே போயின என்று இன்றுவரை தெரியாது. எழுந்து ஓடினால் போதும் என்றிருந்தது. அந்த அவசரத்தில், ஒரு கையால், இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாக மூடிவிட்டேன். நல்ல காரியத்தில் மேல்பாதியை நம் பக்கமாக மடக்க வேண்டும். உறவு தொடரட்டும் என்று அதற்கு அர்த்தம். எதிர்ப்பக்கமாக மூடுவது சாவு வீட்டில்.

தாய்மாமனின் கை இலையிலேயே நின்றது.

சாம்பார் வாளியோடு வந்த பரிமாறுகிறவர் குனிந்து பார்த்தார். "என்ன அப்பு, எந்த எழவுக்கு வந்தீக?"

என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "இலையை மூடலண்ணே, சின்னதா இருக்குன்னு தள்ளி வச்சேன். பசி அடங்கல. வேற இலை போடுங்க."

"பெருசாவே போடுறேன்," என்றார் அந்தப் பாவி.

தலைவாழை இலை வந்தது. ஏற்கெனவே மூன்று முறை சோறு வாங்கியிருந்தவன், முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் ரசத்தில் காது வியர்த்தது. மோர் வரும்போது இடது கை நெஞ்சை விட்டுவிட்டுப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தாய்மாமன் தன் இலையை மூடாமல் எனக்காகக் காத்திருந்தார். கடைசியில், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல, இலையை என் பக்கமாக மடக்கினேன். அதன் பிறகே அவரும் மடக்கினார்.

வெளியே வந்து கை கழுவினோம்.

"மாப்ள, பையில இருக்கறதுல ஒண்ணு குடுங்க," என்றார்.

எனக்கு விக்கல் வந்தது. "தெரிஞ்சு போச்சுங்களா?"

"உக்காந்தப்பவே வாசம் வந்துருச்சுங்க. பொகை ஆகாதுங்கறது எங்கக்காளுங்க, நானில்லீங்க. நான் குடிக்கறதும் அதுக்குத் தெரியாது." பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "ஆனா அந்த எலையோட நீங்க எந்திரிச்சிருந்தா, நானும் ஒண்ணும் பேசாம பஸ்ஸேறியிருப்பனுங்க."

நிச்சயம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. ஆனால் மனுஷர் ஊருக்குப் போய்த் தன் அக்காவிடம், "பையன் ரெண்டு எலை சாப்பிடறவனுங்க," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மாமியார் வீட்டில் நான் முதல் இலையை மடக்கியதும் இரண்டாவது இலை விழும். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் சுருட்டு வெளியே வரும், கூடவே மாமாவும் வெளியே வருவார். அவர் எதிர்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது இலையையும் என் பக்கமாகவே மடக்கிவிட்டு எழுந்திருப்பேன்.