மூன்றாவது பாட்டில் ஒரு சிரிப்பு

நான் லிஃப்ட் திருத்துகிறவன். கனடாவில், இந்த ஸ்காபரோவில் எந்த அபார்ட்மென்டுக்குப் போனாலும், யாரும் பட்டனை அமத்தாமலே லிஃப்ட் வந்து கதவைத் திறக்கிறது, உள்ளே ஒருவரும் இல்லை என்று சொல்ல ஒரு அன்ரி இருப்பார். கதவோரத்து சென்சரில் இருக்கிற தூசியைத் துடைத்துவிட்டு வருவேன், பேயும் போய்விடும். இந்தக் கதையை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன், அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

போன வருடம் ஜப்பானிலிருந்து இறக்கிய ஒரு பழைய வான் வாங்கினேன். ஸ்டியரிங் வலது பக்கம். யாழ்ப்பாணத்தில் நான் ஓடப் பழகியது அப்படி ஒரு வானில்தான், கண்டதும் மனசு கேட்கவில்லை. என் மனைவி வதனிக்கு அது முதல் நாளே பிடிக்காமல் போய்விட்டது. ஏனென்று கேளுங்கள், இங்கே கோப்பிக் கடையில் வண்டியை விட்டு இறங்காமலே வாங்குகிற டிரைவ்-துரூ ஜன்னல் இடது பக்கம் வரும், அந்தப் பக்கத்தில் இருப்பது அவள். எனக்குக் கோப்பி வேண்டுமென்றால் அவள்தான் எட்டி ஓடர் கொடுத்து, வாங்கி, என் கையில் தரவேண்டும். ஸ்டியரிங் இல்லாமல் ஒரு பெண் வான் ஓடுகிறாள் என்று கடைப் பிள்ளைகள் பார்க்கிறார்களாம்.

முந்தைய வதனி என்றால் இதையே பத்துப் பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பாள். அவளுடைய அம்மா ஊரில் செத்தபோது இவளால் போகமுடியவில்லை, செத்தவீட்டை ஃபோனில்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் காணவில்லை. சமைப்பாள், வேலைக்குப் போவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், சிரிப்பு மட்டும் இல்லை. பேய்க்குப் பயப்படாத எனக்கு எங்கள் வீட்டுக்குள் போகப் பயமாக இருந்தது. வானை விற்றுவிடுங்கள் என்று அவள் சொன்னபோது நான் வாதாடவில்லை.

வானோடு சேர்ந்து ஒரு கசெட்டும் வந்திருந்தது. பிளேயருக்குள் இறுகிப்போய் வெளியே வராது. ஒரு ஜப்பான் பெண் பாடுவாள், எல்லாம் எங்கள் கல்யாண மண்டபங்களில் டிஜே போடுகிற பழைய ஆங்கிலப் பாட்டுகள், மெட்டு அப்படியே இருக்கும், சொல் மட்டும் ஜப்பான் மொழி. புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி அவ்வளவு குஷியாகப் பாடுவாள். மூன்றாவது பாட்டு வந்தால் நானும் ஆங்கிலத்தில் கூடவே கத்துவேன், பாடுவேன் என்று சொன்னால் பொய்.

ஒரு ஞாயிறு மத்தியானம், நல்ல வெயில், பக்கத்து ஊர் பிக்கரிங்கில் ஒருவர் வாங்குவதாகச் சொல்லியிருந்தார், வானைக் கொண்டு போனேன். விற்காமல் திரும்பி வந்துவிடுவேன் என்ற பயத்தில் வதனியும் ஏறிக்கொண்டாள். 401 ஹைவேயில் போகும்போது மூன்றாவது பாட்டு வந்தது. கடைசித் தடவைதானே என்று தொண்டை கிழியப் பாடினேன், உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் உடைந்தது. கசெட்டில் அந்தப் பெண் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தாள். மியூசிக் நிற்கவில்லை, அவள் மூச்சு வாங்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிறகுதான் தொடர்ந்து பாடினாள்.

"உவ முந்தியும் உதில சிரிக்கிறவவோ?" என்று வதனி கேட்டாள்.

"இல்லையப்பா. நான் நூறு தரம் கேட்டிருப்பன்."

திரும்பச் சுற்றிப் போட்டேன், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் முழுப் பாட்டையும் ஒழுங்காகப் பாடி முடித்தாள், சிரிப்பே இல்லை. வதனி என்னைப் பார்த்தாள்.

"இப்ப நீங்கள் பாடுங்கோ பாப்பம்."

மறுபடி சுற்றிப் போட்டுப் பாடினேன். அதே இடத்தில் குரல் உடைந்தது, வேண்டுமென்று இல்லை, அது எனக்கு எட்டாது. இந்தத் தடவை அந்தப் பெண் இன்னும் கூடச் சிரித்தாள்.

எனக்கு முதுகு சில்லிட்டது. அப்போது பக்கத்தில் ஒரு சத்தம், வதனி அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கசெட்டில் ஒருத்தி, இடது சீட்டில் ஒருத்தி, இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிக்னல் போட்டு, ஹைவேயை விட்டு எக்ஸிட்டில் இறங்கினேன்.

"பாடுங்கோ அப்பா, நிப்பாட்டாதேங்கோ," என்றாள், கண் நிறையத் தண்ணீர்.

பாடினேன். நம்பினால் நம்புங்கள், பயந்துகொண்டே சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

கடைகள் இருக்கிற ஒரு பிளாசாவில் நிறுத்தியதும் வாங்க இருந்தவருக்கு வதனியே ஃபோன் எடுத்தாள். "அண்ணை, குறை நினையாதேங்கோ, வான் விக்கேல்லை." பிறகு அங்கிருந்த டிரைவ்-துரூவில் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே போட்டு இரண்டு கோப்பி வாங்கினாள், அப்போதும் சிரித்துக்கொண்டு. அன்றிலிருந்து வீட்டிலும் சிரிப்பு இருக்கிறது.

அதோடு நான் விட்டிருக்கலாம். என் தொழில் அப்படி, காரணம் தெரியாமல் நித்திரை வராது. பிளேயரைக் கழற்றிப் பார்த்தேன், மைக் இல்லை, எதையும் பதிகிற வசதியே அதில் இல்லை. கசெட்டை இழுத்தெடுத்து, யூனியன்வில்லில் ஒரு நண்பன் வீட்டுப் பழைய செட்டில் போட்டேன். மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தது, அந்தப் பெண் சிரித்தாள். அவளுக்குப் பின்னால், கசெட்டுக்குள்ளேயே, வதனி சிரித்தாள். அவளுடைய சிரிப்பு எனக்குத் தெரியாதா. என் வானின் சிக்னல் டிக் டிக் என்று கேட்டது. "பாடுங்கோ அப்பா, நிப்பாட்டாதேங்கோ" என்பதும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் பாடினேன் என்று சொன்னேன் அல்லவா, கசெட்டில் நான் இல்லை. மியூசிக் போகிறது, இரண்டு பேரும் யாரையோ கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள், என் குரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

வதனியிடம் சொன்னேன். "உங்கட பாட்டு அவவுக்கும் பொறுக்கேல்லைப் போல," என்று சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிளேயரைத் திரும்பப் பூட்டிவிட்டேன், கசெட் அதற்குள்தான் இருக்கிறது, இன்றைக்கும் கூடவே பாடுகிறேன். ஆனால் அந்த இடம் வந்ததும், என் குரல் அவளுக்காவது கேட்கிறதா என்று மெல்ல வதனியைத் திரும்பிப் பார்ப்பேன். அவள் சிரித்தால்தான் அடுத்த வரிக்குப் போவேன்.