தள்ளிவுட்டா ஓடுற நீலக் காரு

எங்க வூட்டுக் காருக்கு அப்போ செல்ப் மோட்டரே எம் பொஞ்சாதிதான். நான் ராஜாவாட்டம் ஸ்டேரிங்க புட்ச்சிகினு குந்தினு இருப்பேன். அவ பின்னால நின்னு, பொடவய தூக்கி இடுப்புல சொருவிகினு, ரெண்டு கையையும் டிக்கில வெச்சி தம் கட்டுவா. வண்டி மெள்ள நவுரும். செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்ச பொசுக்குனு உட்டேன்னா, வண்டி ஒரு தபா விக்கும், ரெண்டு தபா இருமும், அப்பால உசுரு வந்துரும். நின்னா மறுக்கா படுத்துக்குமேனு நான் நிறுத்தாம உருட்டிகினே போவேன். அவ பக்கத்துலயே ஓடியாந்து தொறந்த கதவு வழியா உள்ள தாவி குந்துவா. குந்தினதும் தலைய ஒதுக்கிகினு ரோட்ட ஒரு பார்வ பாப்பா. பின்னால நின்னு தள்ளினது வேற எவளோ மாதிரி.

வூடு எண்ணூர் நெட்டுக்குப்பத்துல. காத்தால கண்ண முழிச்சா வெளிய இருக்குறது பனியா பொகயானு தெரியாது. கரண்டு கம்பெனி பொகக் கொழாயிங்க வானத்துல பாதி, மூட்டத்துல பாதினு நிக்கும். ராவெல்லாம் சாம்பத்தூளு சத்தம் இல்லாம வந்து எறங்கிகினே இருக்கும். காத்தால பாத்தா காரு மேல ஒரு போர்வ. எம் பொஞ்சாதி கோலம் போட வெளிய வந்தான்னா, வாசல்ல போட்டது போக மிச்ச ஆசைக்கு பானட்டு மேல வெரலால மீனு வரைவா. ஒரு நாளைக்கி வஞ்சிரம், ஒரு நாளைக்கி சங்கரா. நான் தண்ணி ஊத்தி கழுவசொல்லோ அதுங்க நீந்தி போவுறாப்புல இருக்கும்.

என் தொயிலு காசிமேட்டுல மீன் புடிக்கிற போட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறது. இஸ்கோலு பக்கம் மயைக்கு ஒதுங்கினது உண்டு, ஆனா செவுத்துக்கு வெளிப்பக்கம். எனக்கு தெரிஞ்ச ஒரே பாடம் பெயிண்ட்டு பாடம்தான். போட்டு கரைக்கு ஏறினா சிப்பிய சுரண்டணும், துருவ தட்டணும், செவப்பு ஒரு கோட்டு, அதும் மேல நீலம் ரெண்டு கோட்டு. இரும்பு கண்ணுல படவே கூடாது. ஊசி மொன அளவு உட்டாலும் கடலு மோப்பம் புட்ச்சி வந்து தின்னுடும். எங்க ஆளுங்க ஆணிக்கு அடிப்பாங்க, ஆணித் தலைக்கு அடிப்பாங்க, ஆணிய கழட்டி அந்த ஓட்டைக்குள்ள கூட பிரஷ்ஷ உட்டு ஒரு சுத்து சுத்துவாங்க.

இந்த காரு ஒரு போட்டு ஓனரோடது. பழைய பியட்டு. ஐஸ் பேக்டரி பின்னால வருசக் கணக்கா நின்னு, உள்ள பூன குட்டி போட்டு, அந்த குட்டிங்களும் வளந்து வேற எடம் போயிடுச்சிங்க. எடத்த அடைக்குது, ஒனக்கு வோணும்னா எட்த்துனு போனு அவரு சொன்னாரு. நான் பேட்டரி போட்டு சாவிய திருவினேன். அப்போ செல்ப்லயே சிக்குனு எட்த்துச்சி. நல்லா ஞாபகம் கீது. அன்னிக்கி சிரிச்ச சிரிப்புல என் கட வாயி வலிச்சிச்சி.

வூட்டாண்ட கொண்டாந்ததும் மொத வேலையா அத்த கழட்டினேன். கடலோரத்துல நிக்கப் போற இரும்பாச்சே. போட்டுக்கு இன்னா மரியாதையோ அதே மரியாத. கதவு, பம்பரு, பானட்டு உள்பக்கம், கம்பி, கிளாம்பு, போல்ட்டு, போல்ட்டு ஓட்ட, எல்லாத்துக்கும் செவப்பு ஒண்ணு நீலம் ரெண்டு. மிச்சம் இருந்த பெயிண்ட்ல வூட்டு ஜன்னலுக்கும் அடிச்சேன். பக்கத்து வூட்டு கோழி ஒண்ணு உரசிகினு போயி, ஒரு மாசம் நீல றெக்கையோட சுத்திகினு இருந்துச்சி. அதுக்குள்ள மய வந்துடுச்சி. தார்பாயி போட்டு மூடி வெச்சேன். மய ஓஞ்சி, தார்பாய எட்த்துட்டு, சாவிய திருவினா ‘டிக்’. அவ்ளோதான். ஒரு ‘டிக்’, அப்பால கம்முனு ஆயிடுச்சி. மயையில நனைஞ்சி கெட்டுச்சினு மயைய திட்னேன்.

அன்னிலேர்ந்துதான் எம் பொஞ்சாதி செல்ப் மோட்டரு ஆனா.

இப்டியே சிரிப்பா ஓடிகினு இருந்தது, அவ முழுகாம ஆன பொறவு சிரிப்பா இல்ல. இதுக்கு முன்னால ஒண்ணு தங்காம போயிடுச்சி. காரெல்லாம் வர்றதுக்கு முந்தி நடந்த கத. அத்த பத்தி நாங்க பேசிக்க மாட்டோம். ஆனா ரெண்டு பேரும் அத்தயேதான் நெனச்சிகினு இருப்போம். டாக்டரம்மா இந்த தபா கண்டிசனா சொல்ட்டாங்க. ஒடம்பு குலுங்கவே கூடாது, ஆட்டோல ஏறாத, வலினு வந்தா லேட்டு பண்ணாம ராயபுரம் ஆஸ்பத்திரிக்கி வந்துடுனு. எங்க ரோட்ல ஆட்டோல போனா பல்லு ஆடும், வயித்துப் புள்ளைக்கு இன்னா கெதி. ஆக மொத்தம் நீலக் காருதான் நம்பிக்க.

ஒரு சாய்ங்காலம் அவ வாசப்படில குந்தினு, வயித்து மேல முறத்த வெச்சி அரிசி பொறுக்கினு இருந்தா. கார பாத்தா, என்ன பாத்தா, மறுக்கா கார பாத்தா.

“யோவ், எனுக்கு வலி வர்ற அன்னிக்கி யாருயா தள்ளுவா?”

எங்க குப்பத்துல ஆம்பளைங்க பாதி நேரம் கடல்ல, மீதி நேரம் காசிமேட்ல. அவ சொன்னது சரிதான். செல்ப் மோட்டரே ஆஸ்பத்திரிக்கி போவணும்னா, வண்டிய எட்க்கிறது யாரு?

திருவொத்தியூர்ல எனக்கு ஒரு தோஸ்து, ஆட்டோ ஓட்டுறவன். ஆட்டோவோட பெரியண்ணன்தான் காரு, தம்பிய தெரிஞ்சவனுக்கு அண்ணன தெரியாதானு அவன் நெனப்பு. வேல இல்லாத மத்தியானத்துல வந்துடுவான். ரெண்டு பேரும் கார சுத்தி சுத்தி வந்தோம். லைட்ட போட்டா ஜோரா எரியுது, ஆரன் அடிச்சா காக்கா பறக்குது. அப்போ பேட்டரி சரி. செல்ப் மோட்டர கழட்டி, கிழிஞ்ச வல ஒண்ண விரிச்சி அதும் மேல பிரிச்சி போட்டோம். கெரசின்ல கழுவினோம், கார்பன மாத்தினோம். தரையில வெச்சி ஒயர நேரா பேட்டரில தொட்டா, ‘விர்ர்’னு சுத்தி மண்ண வாரி அவன் மூஞ்சிலயே அடிச்சிச்சி. குஷியா தூக்கி உள்ள மாட்டினோம். சாவிய திருவினா ‘டிக்’. மறுக்கா கழட்டினோம், சுத்துச்சி. மறுக்கா மாட்டினோம், ‘டிக்’. தோஸ்து பீடிய பத்த வெச்சிகினு சொன்னான், மாமு, இது மாமியா வூட்டுக்கு போன மாப்ளயாட்டம் கீது, வெளிய நல்லா ஆடுது, உள்ள போனதும் படுத்துக்குது.

எர்த்து போவுதானும் பாத்தான். பேட்டரிலேர்ந்து கெளம்பி மோட்டருக்கு போற கரண்டு திரும்ப பேட்டரிக்கே வந்தாவணுமாம், அந்த வயிக்கு பேருதான் எர்த்தாம். அதுக்குனு இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு செம்புப் பட்ட, பின்னலு சடையாட்டம் இருக்கும். அத்த புட்ச்சி ஆட்டி பாத்தான். போல்ட்டு டைட்டா கீது, பட்ட சும்மா நீலமா பளபளனு கீதுனு சொன்னான். நான் கூட அந்த பளபளப்ப பாத்து மெதப்பா சிரிச்சிகினேன். என் கை வேல ஆச்சே.

அப்டியே மாசம் ஏறிடுச்சி. அவ எறங்கி தள்ற கத டாக்டரம்மா சொன்ன அன்னிக்கே முடிஞ்சிது. அத்தொட்டு வேலைய மாத்தினோம். அவ ஸ்டேரிங்காண்ட குந்தி சாவிய திருவுறது, நானும் தோஸ்தும் பானட்ட தொறந்து காத வெச்சி கேக்குறது. வயிறு ஸ்டேரிங்ல இடிக்கும், சீட்ட பின்னால தள்ளிகினு, கைய நீட்டி திருவுவா. ஒரு நாளு அப்டி திருவிகினு, இன்னொரு கைல சோக்கு கம்பிய இழுத்து புட்ச்சிகினு இருந்தவ சட்டுனு கைய எட்த்துட்டா.

“இது இன்னாத்துக்குயா சுடுது?”

தோஸ்து சிரிச்சான். வெயில்ல நிக்கிற வண்டி சுடாம ஐஸ்ஸா அடிக்கும்னான். நான் இன்னும் ஒரு படி மேல போயி, வயித்துல கீறவன் அவ்ளோ சூடு பார்ட்டினேன். அவ ரெண்டு பேரையும் மொறச்சா.

“கிண்டலு அப்பால பண்ணு. நீ வந்து தொட்டு பாரு.”

நான் போயி தொட்டேன். அவள சாவிய திருவ சொன்னேன். வெரலு வெந்துச்சி. ஒல்லி கம்பி, பாடிலேர்ந்து இஞ்சினுக்கு போறது, கையால இழுக்குறதுக்குனு இருக்குற கம்பி. அதுக்கும் கரண்டுக்கும் ஒரு ஒறவும் இல்ல. அதுலேர்ந்து லேசா பொக வந்துச்சி, பிளாஸ்டிக்கு கருகுற வாசன. தோஸ்து பீடிய கீழ போட்டுட்டான்.

சாய்ங்காலம் நான் மொகத்துவாரத்தாண்ட போயி குந்தினேன். ஆறு கடல்ல போயி சேர்ற எடம். வானம் செவந்து, அந்த செவப்பு தண்ணில எறங்கி, அது எண்ணெயா வெளிச்சமானு தெரியாம மெதந்துகினு இருந்துச்சி. அந்த வருசம் மண்ணு வந்து ஆத்து வாய அடச்சிகினு இருந்துச்சி. கடலுக்கு போவ வயி இல்லாத தண்ணி சும்மா நிக்குமா? கரையேறி, குப்பத்து பின்னால கோழி நடக்குற சின்ன சந்து ஒண்ணு கீது, அது வயியா பூந்து போய்கினு இருந்துச்சி. சந்து தாங்கல. ரெண்டு பக்கமும் மண்ண அரிச்சிகினு, நொர தள்ளிகினு ஓடுச்சி. நான் அத்தயே பாத்துகினு இருந்தேன். எவ்ளோ நேரம்னு தெரியல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சி, ஆனா தூங்குறாப்புல ஒரு மயக்கம். அந்த நொர மெள்ள மெள்ள சோக்கு கம்பியா மாறிச்சி. பெரிய வாய எவனோ அடச்சிட்டான், அதான் கரண்டு சின்ன சந்துல பூந்து ஓடுது, சந்து சுடுது.

எவன் அடச்சான்?

அத்த நெனச்சதும் எனக்கு எங்க ஆளுங்களோட பாடம் காதுல கேட்டுச்சி. ஆணிக்கு, ஆணித் தலைக்கு, ஆணி ஓட்டைக்கு.

வூட்டுக்கு ஓடியாந்து, சிப்பி சுரண்டுற தகட்ட எட்த்துகினு கார் அடியில பூந்தேன். அந்த செம்புப் பட்டைய கழட்டினேன். பட்டையோட ரெண்டு மொனையிலயும் என் நீலம். அது போயி உக்கார்ற இரும்பு மேல செவப்பு ஒண்ணு, நீலம் ரெண்டு, தோசக்கல்லு மாதிரி மொத்தமா. கடலே உள்ள பூர முடியாது, கரண்டு எங்கேர்ந்து பூரும்? அடிச்சவன் கெட்டிக்காரன்தான். சுரண்டினேன். சீக்கிரத்துல வரல. நல்ல வேல செஞ்சவன் மேல எனக்கு அவ்ளோ கோவம் அதுக்கு முன்னால வந்ததில்ல. கடைசில இரும்பு கண்ணுல பட்டுச்சி, வெள்ளி ரூவாயாட்டம் ஒரு வட்டம். பட்டைய வெச்சி முறுக்கிட்டு வெளிய வந்தேன். மூஞ்சி பூரா நீலத் தூளு. எம் பொஞ்சாதி சாவிய திருவினா.

‘கிர்ர்ர்’னு ஒரு சத்தம், அதும் பின்னாலயே இஞ்சினு. அவ ஆப் பண்ணினா. மறுக்கா திருவினா. மறுக்கா எட்த்துச்சி. வேல முடிஞ்சிதுனு தெரிஞ்சும் அவ சும்மா சும்மா போட்டு போட்டு பாத்துகினு இருந்தா, புதுசா கொலுசு போட்ட பொண்ணு நடந்து நடந்து பாக்குறாப்புல.

வலி வந்தது ஒரு மத்தியானம். குப்பத்துல ஈ காக்கா இல்ல. வெயிலு வெள்ளயா கொட்டிகினு இருந்துச்சி. நான் உள்ள போயி பைய எட்த்துகினு, சாவிய காணாம தேடி, அது என் பாக்கெட்லயே இருக்குறத பாத்துட்டு வெளிய ஓடியாந்தா, அவ கார் பின்னால நின்னுகினு கீறா. குனிஞ்சி, ரெண்டு கையையும் டிக்கில வெச்சினு, கண்ண மூடினு. இன்னாமே பண்றனு பதறிட்டேன்.

“கை பயக்கத்துல வந்துடுச்சியா.”

அவள முன்னால குந்த வெச்சி, சாவிய திருவி, பூ மாதிரி உருட்டிகினு போனேன். எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க வரிசையா நின்னுகினு கீது. ஹார்பருக்கு போறதுங்க. எதுவும் நவுரல. இடது பக்கம் கருங்கல்லு, கல்லுக்கு அப்பால கடலு. டிரைவருங்க எறங்கி லாரி நெழல்ல குந்திட்டாங்க. வண்டி சூட்டு முள்ளு மேல ஏறிகினே போவுது. இன்னும் கொஞ்ச நேரம் ஓட உட்டா ரேடியேட்டரு கொதிச்சி ஊத்திடும். அப்பால எதாலயும் எட்க்க முடியாது. ஆப் பண்ணணும். ஆப் பண்ணா மறுக்கா எட்க்கணும். என் கையி சாவி மேலயே கெடந்துச்சி.

என் கை மேல அவ கைய வெச்சி, அவளே திருவி ஆப் பண்ணினா.

அந்த மாதிரி ஒரு அமைதி எண்ணூர் ரோட்ல நான் கேட்டதே இல்ல. அல கல்லுல மோதுற சத்தம். தண்ணித் தூளு காத்துல வந்து கண்ணாடில ஒட்டுது. அவ மூச்சு ஏறுது, எறங்குது, வலி வந்தா என் கைய இறுக்கி புடிக்கிறா, போனா உடுறா. அலையும் அதே மாதிரிதான் வந்துகினு போய்கினு இருந்துச்சி. கொஞ்ச நேரத்துல எது அல, எது அவ மூச்சுனே எனக்கு பிரியல. நாங்க ரோட்ல இல்ல, நான் பெயிண்ட் அடிச்ச எதோ ஒரு போட்ல ஒக்காந்து மெதந்துகினு போறாப்புல இருந்துச்சி.

முன்னால இருந்த லாரி ஒரு உறுமு உறுமிச்சி. வரிச நவுந்துச்சி. பின்னால ஆரன் அடிக்க ஆரம்பிச்சானுங்க. நான் சாவிய திருவினேன்.

எட்த்துச்சி. மொத திருவுக்கே எட்த்துச்சி.

அவ கண்ண மூடிகினே சிரிச்சா. வேர்வ மூஞ்சி பூரா வழியுது.

“நீ முழிச்ச முழிக்கி, நானே எறங்கி தள்ளட்டுமானு கேக்க இருந்தேன்.”

சாய்ங்காலம் பொண்ணு பொறந்துச்சி. நர்சம்மா துணில சுத்தி என் கையில குடுக்கசொல்லோ என் நகக்கண்ணு பூரா நீலம். இன்னாது இதுனு கேட்டாங்க. எர்த்துங்கனு சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல, கைய கழுவினு வா போனு தொரத்திட்டாங்க.