ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர்

எங்கள் வீட்டில் செவ்வாய்க் கிரகம் முதலில் வந்து குடியேறியது மாமாவின் சாதகத்தில்தான். ஏழாம் இடத்தில் இருந்துகொண்டு, வந்த சம்பந்தங்களையெல்லாம் அது கலைத்துவிட்டதாக அம்மா சொல்லுவார். ஆகவே, ஏழாம் வகுப்பில் நான் செவ்வாய்க்கு மனிதரை அனுப்பிக் கதை எழுதப்போகிறேன் என்றபோது, "போறவையிட்டச் சொல்லிவிடு, என்ர தம்பியை விட்டு விலகட்டாம் எண்டு" என்றார்.

செவ்வாயில் ஊர்தி ஒன்று இறங்கி, சிவப்பு மண்ணின் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த காலம் அது. வலயமட்டத்தில் சிறுவர் விஞ்ஞானக் கதைப் போட்டி வைத்தார்கள். பாடசாலை நூலகத்தில் இருந்த இரண்டே இரண்டு விண்வெளிப் புத்தகங்களையும் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதபடி நானே எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் லிங்கநகரில் என்னைவிடச் செவ்வாயைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு. நினைப்பென்ன, தலைக்கனம்தான்.

மாமா எங்களோடு இருந்தவர். ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகும் ரோலர் படகில் வேலை. படிப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். அவர் ஒருநாள் பின்னேரம் கதிரையை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"பிள்ளை, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வேணும்?"

"குடிக்க மட்டுமெண்டா ரெண்டு லீற்றர் காணும்."

"நாப்பது பேரெண்டா?"

"நாப்பது பேரை ஏத்த ரொக்கெட் என்ன ரோலரோ, மாமா?"

அவர் சிரிக்கவில்லை. இருபது நாளைக்குக் கணக்குப் பார்க்கச் சொன்னார். செவ்வாய்க்கு ஏழெட்டு மாதம் செல்லும் என்று நான் திருத்தினேன். "நீ கணக்கை மட்டும் செய்" என்றார். ஆயிரத்து அறுநூறு லீற்றர் வந்தது. பிறகு இன்னும் ஒன்று கேட்டார். அதற்கும் பட்டென்று பதில் சொன்னேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார். என் கதையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக அந்த வீட்டில் வேறு யாரும் கேட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கிழமை மாமா போய்விட்டார். கொழும்பில் கட்டட வேலை என்று எனக்குச் சொன்னார்கள். உண்மையில் அவர் நாற்பது பேரோடு ரோலரில் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டிருந்தார். வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் நான். எனக்கு ஓட்டைவாய் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா போனைக் குசினிக்கும் கிணற்றடிக்கும் கையோடு கொண்டு திரிந்தார். வானொலியில் மீனவருக்கான காலநிலை அறிக்கை வரும்போது எல்லோரையும் வாயை மூடச் சொன்னார். காற்றுக் கூடும் என்று சொன்னால், சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். கொழும்பில் சீமெந்து குழைக்கிறவருக்குக் கடற்காற்று என்ன செய்யும் என்று கேட்டேன். "உன்ர வேலையைப் பார்" என்று முறைத்தார். வீடு முழுக்க ஒரு பயம் இருந்தது. ஏனென்று தெரியாமலே அது எனக்கும் தொற்றிக்கொண்டது.

இருபதாம் நாளும் தாண்டியது. கதையைக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள், தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். மூன்று பேர் செவ்வாய்க்குப் போகிறார்கள். தலைவருக்கு மாமாவின் மீசை. பாதி வழியில் தொட்டி ஓட்டையாகித் தண்ணீர் முடிகிறது. ஒவ்வொருவராகச் சாகிறார்கள். முடிவு வாசிப்பவரை அழவைக்கவேண்டும் என்று தமிழ் ரீச்சர் சொல்லியிருந்தார். நானும் ஒரு குறையும் வைக்கவில்லை.

அம்மாவின் கை நின்றது.

"தண்ணி முடியவேண்டாம். மாத்து."

"ஏலாது அம்மா. ரீச்சர் நல்லாயிருக்கெண்டு சொன்னவ."

"மாத்தெண்டா மாத்து."

கொப்பியைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அப்பாவிடம் போய் அழுதேன். எதற்கெடுத்தாலும் அம்மாவோடு வாதாடும் அப்பா, "அம்மா சொல்றபடி எழுது, பிள்ளை" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். கொப்பி இல்லாமல் ரீச்சரின் முகத்தில் எப்படி முழிப்பது? கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். அம்மா பக்கத்திலேயே இருந்து பார்க்க, தொட்டியின் ஓட்டையை அடைத்தேன். மூவரையும் பத்திரமாகத் தரையிறக்கினேன்.

"வீட்டுக்கு அறிவிச்சவையெண்டும் எழுது" என்றார். அதையும் எழுதினேன்.

இருபத்தாறாம் நாள் காலையில் போன் அடித்தது. அம்மா அதைக் காதில் வைத்தபடியே குசினி நிலத்தில் இருந்துவிட்டார். "தண்ணி முடியேல்லையாம், தண்ணி முடியேல்லையாம்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொழும்பில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் கதைக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. 'முடிவு நம்பும்படியாக இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி வந்தது. இரண்டு நாள் அம்மாவோடு கதைக்காமல் விட்டேன்.

மாமா அவுஸ்திரேலியாவில் அகதி முகாமில் இருந்தார், பிறகு வெளியே விட்டார்கள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். நிரந்தரமாக இருக்கப் பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை. இங்கே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். போன வருடம் அம்மாவின் செத்தவீட்டை அவர் போனில்தான் பார்த்தார். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

தண்ணீர்க் கணக்குப் பார்த்த அந்தப் பின்னேரம், தாளை மடிப்பதற்கு முதல் அவர் கேட்டது இதுதான்:

"பாதி வழியில வேண்டாமெண்டு பட்டா, திரும்பி வரலாமோ, பிள்ளை?"

"ஏலாது மாமா. திரும்பி வர எண்ணெய் காணாது. போனா போனதுதான்."

மாமா அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்தார். சரியான விடை சொல்லிவிட்ட சந்தோஷத்தில், பேனையை மூடாமல் நான் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன்.