தூணுக்குப் பின்னால் ஓர் இடம்

போன வாரம் எங்கள் தெரு பஜனைக் கூடத்தில் ஒரு கூட்டம். புதுசாகக் கட்டின கூடம். வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வழக்கம்போல் கடைசி வரிசைதான் முதலில் நிரம்பியது. நானும் அங்கேதான் ஓடினேன். கிழவியாகியும் இந்தக் கூச்சம் என்னை விட்டபாடில்லை.

உட்கார்ந்ததும் பழைய கூடத்தின் வாசனை எங்கிருந்தோ வந்தது. கற்பூரமும், சிலேட்டு துடைக்கிற கோவை இலையும் கலந்த வாசனை. எழுபதுகளின் கடைசியில் அங்கேதான் பெண்களுக்கு முதியோர் கல்வி வகுப்பு. டீச்சர் யார் என்கிறீர்கள்? அஞ்சாங்கிளாஸ் படித்த நான்தான்! எங்கள் தெருவில் அதுவே பெரிய படிப்பு.

முதலில் பள்ளிக்கூடம் மாதிரி வரிசையாக உட்கார வைத்தேன். மருமகள்கள் மாமியாருக்கு முன்னால் உட்கார மாட்டார்கள். சரோஜா தன் மாமியார் கன்னியம்மாவுக்குப் பயந்து தூணுக்குப் பின்னாலேயே போய்விடுவாள். அங்கிருந்து போர்டு தெரியாது.

"பஸ் போர்டு படிக்க வந்தா போதும்க்கா" என்பாள். அவள் அம்மா வீடு போளூர். ஒருமுறை தனியாகக் கிளம்பி, வேறு பஸ் ஏறி, சந்தவாசலில் இறங்கி அழுதுகொண்டு நின்றாள். அதிலிருந்து தனியாக அனுப்புவதில்லை. துணைக்கு ஆள் கிடைத்தால்தான் அம்மா முகம்.

வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி அம்மா, "வட்டமா உட்கார வைங்க, எல்லாரும் சமமாயிடுவாங்க" என்றார். வைத்தேன். பேஜாராகிவிட்டது. மருமகள்கள் மாமியார் முகத்துக்கு நேராக மாட்டிக்கொண்டார்கள். குனிந்த தலை நிமிரவில்லை. நடுவில் நின்ற எனக்கோ எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்கள். மறுநாள் சரோஜா வரவில்லை.

அதற்கடுத்த காலை தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்குக் கஞ்சி போட்ட பட்டு இழை, இரண்டு பக்கமும் ஆட்கள். கன்னியம்மாவும் சரோஜாவும் ஒரே பக்கம், தோளோடு தோள் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்கள். அங்கே முன்னால் யார், பின்னால் யார்? பார்த்துக்கொண்டே நின்றேன்.

மத்தியானம் நானே போய் சரோஜாவை அழைத்து வந்தேன். கூடத்தின் நடுவில் நீளமாகக் கிணற்றுக் கயிற்றைப் போட்டு, "பாவுக்கு நிக்கிற மாதிரி உக்காருங்க" என்றேன்.

"இன்னாடி டீச்சரு, எங்களுக்கும் கஞ்சி போட்டு காயவெப்பியா?" என்றாள் கன்னியம்மா. கூடமே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கயிற்றோரமாக நடந்து, இழை முடிவது போல ஒவ்வொரு சிலேட்டாகக் குனிந்தேன். முன்னால் நிற்கிற வேலை எனக்கும் மிச்சம்.

கொஞ்ச நாளில் ஒரு குரல்: "ஏ சரோஜா, உங்கம்மா ஊரு பேருக்குக் கொம்பு எந்தப் பக்கம்டி?"

கன்னியம்மாதான். சரோஜா தன் சிலேட்டை மாமியார் பக்கம் நகர்த்தினாள்.

ஆடிக்கு சரோஜா தனியாகக் கிளம்பியபோது கன்னியம்மா பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். நானும் போயிருந்தேன். வந்து நின்ற பஸ்ஸின் போர்டை இருவரும் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். "போளூருதான்டி! ஜல்தி ஏறு, முன்சீட்டு காலியா கீது!"

கன்னியம்மா இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்தபோது கயிறும் போயிற்று.

கூட்டத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு நரைத்த தலை திரும்பியது. சரோஜா. இரண்டு பக்கமும் அவள் மருமகள்கள். "அக்கா, அங்க இன்னா பண்ணிகினு இருக்கீங்க? முன்னால வாங்க!"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மறைந்துகொள்ளத் தூணைத் தேடினேன். புதுக் கூடத்தில் தூணே வைக்கவில்லை. எழுந்து, முன்னால் போனேன்.