பதினேழு காலடி

தொண்ணூறுகளின் கடைசியில் தேனாம்பேட்டையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு வீட்டையே கம்ப்யூட்டருக்குள் சுவர் சுவராகக் கட்டிப் பார்க்கும் மென்பொருள் எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது. எந்தச் சுவர் பழையது, எது இடிக்கப் போவது, எது புதிது என்று சொல்லிவிட்டால் போதும். வேலையின் எந்தக் கட்டத்தில் வீடு எப்படி இருக்கும் என்று திரையில் காட்டிவிடும். அலுவலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீடு புதுப்பிக்க வந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கண்பார்வை முழுக்கப் போய்விட்டது. வேலை முடியும்வரை அவரை அடையாறில் தன்னோடு வைத்துக்கொள்ள மகன் முடிவு செய்திருந்தார்.

“இங்க யார் துணையும் இல்லாம நடமாடிண்டு இருக்கேன். அங்க போனா பாத்ரூம் போகக்கூட யாராவது கையைப் பிடிச்சுக்கணும்,” என்றார் வாத்தியார்.

எனக்குத் தாங்கவில்லை. வேலையை மூன்று கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்திலும் அவர் கட்டிலிலிருந்து குளியலறைக்கு வழி இருக்கும்படி இரண்டு திட்டங்கள் போட்டேன். படம் அவருக்கு எதற்கு? அவர் வைக்கும் காலடியை அளந்துகொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை காலடி நடக்க வேண்டும் என்று கணக்கிட்டு எடுத்துப்போனேன்.

“முதல்ல இப்போ இருக்கற வீட்டுக்குச் சொல்லும்மா. அது சரியா இருந்தா மத்ததையும் நம்பறேன்.”

“கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்குப் பதினாறு, சார்.”

“பதினேழு.”

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, சார்.”

“அது பண்ணாது. அளந்தது யாரு?”

சுருக்கென்றது. வீம்புக்காகவே டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். அறைகள் எல்லாம் சரி. நடுச்சுவரின் கனத்தைத்தான் நான் அளக்கவே இல்லை. மற்ற சுவர்களைப் போல ஒன்பது அங்குலம் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடி போட்டுவிட்டேன். இருந்தது பதினெட்டு; விட்டுப்போன அந்த ஒன்பது அங்குலம்தான் அவருடைய பதினேழாவது காலடி. மொட்டைமாடியைத் தாங்கும் உத்தரங்கள் மொத்தமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தன. அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்த என் முதல் திட்டத்தில், ஆரம்பத்திலேயே இடிக்கக் குறித்திருந்தது அந்தச் சுவரைத்தான். வாத்தியாரின் கட்டில் அதை ஒட்டிக் கிடந்தது.

வாயை மூடிக்கொண்டு போய்த் திருத்தியிருந்தால் யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை; சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த மகன் எழுந்துவிட்டார். “இதுக்குத்தான் சொன்னேன். நாளைக்கே நீ அடையாறுக்குக் கெளம்புப்பா.”

என் வாயாலேயே அவரைக் கிளப்பிவிட்டேனே என்று அழுகை வந்தது.

வாத்தியார் அசையவில்லை. “நான் இங்க நடந்துண்டு இருந்ததாலதானேடா தெரிஞ்சுது? அடையாறுல உக்காந்துண்டு இருந்தா எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

மகனும் ஒத்துக்கொண்டார். நடுச்சுவரைத் தொடாத இரண்டாவது திட்டத்தை எடுத்துக்கொண்டோம். வாத்தியார் வீட்டிலேயே இருந்தார். கட்டம் மாறும்போதெல்லாம் நான் நேரில் போய், இரண்டு தடவை அளந்த பிறகே அவரிடம் கணக்கைச் சொன்னேன்.

கடைசியில் புதுக் குளியலறை அவர் அறையை ஒட்டியே வந்தது. “ஒன்பது, சார்,” என்றேன். தனியாக நடந்து போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

“ஒன்பதேதான். ரொம்ப தேங்க்ஸ்மா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் விழவைக்கவிருந்த கூரையிலிருந்து தன்னையும் என்னையும் காப்பாற்றியவர் அவர். நன்றியையும் அவரே சொல்லிவிட்டார்.