காப்பர் பெல்லின் பியானோக்காரி

நெவாடா பாலைவனத்தின் நடுவே பெருஞ்சாலை ஓரமாக ஒரு சிமென்ட் ஆமை உட்கார்ந்திருந்தது. வீட்டு உயரம். அதன் வயிற்றுக்குள்தான் ஓபல் டிராஸ்க்கின் கடை. காபி, பொரித்த முட்டை, வெளியே ஒற்றை பெட்ரோல் பம்ப். ஆமையைக் கட்டியவர் அவள் கணவர் லெஸ்டர். "இதைப் பாத்துட்டு பிரேக் போடாம போறவன் மனுஷனே இல்ல" என்பார். பெரும்பாலும் போடத்தான் செய்தார்கள்.

இறங்கியவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

ஓபல் மேற்கேயிருந்து கல்யாணமாகி வந்தவள். சாமான் வாங்கப் போவதும் மேற்கேதான். கிழக்கே தெரிந்த செம்மலையை அவள் ஒருநாளும் தாண்டியதில்லை. லெஸ்டருக்கு வண்டி ஓட்டப் பிடிக்காது, பம்ப்பைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். ஆனாலும் ஆசையாகக் கேட்பவர்களிடம் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் சொன்னதை வைத்துக் கொஞ்சம் சொன்னாள். மிச்சத்தை அவளே அளந்துவிட்டாள்.

அப்படி அளந்ததுதான் காப்பர் பெல் கதை. செம்புச் சுரங்கம் தீர்ந்துபோய் ஊரே காலியான இடம் அது. ஒரு நடுப்பகலில், வெயில் தாங்காமல் அலறிய இரண்டு குழந்தைகளைச் சமாதானப்படுத்த ஓபல் வாயைத் திறந்தாள். ஊர் ஜனம் முழுக்க வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியபோது, பாட்டு டீச்சர் கார்னிலியா மட்டும் கிளம்பவில்லையாம். அவளுடைய பியானோ வண்டியில் ஏறவில்லையாம். அதை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று தனியாக இருந்துவிட்டாளாம். பொழுது சாயும்போது ஆளில்லாத தெருவுக்காக வாசிப்பாளாம். குழந்தைகள் அழுகையை நிறுத்தின. அதன்பிறகு கோடைக்குக் கோடை கதை தானாக வளர்ந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் ஒரு வசந்தத்தில் லெஸ்டர் இறந்துபோனார். இலையுதிர் காலத்தில், பக்கமெல்லாம் நசுங்கிய நீளமான கார் ஒன்று ஆமை முன்னால் வந்து நின்றது. பச்சை ஸ்கார்ஃப் கட்டிய ஒல்லியான பெண் இறங்கினாள்.

"நான் ஃபெர்ன். லெஸ்டரோட மொத பொண்டாட்டி. சாவுக்கே வந்திருக்கணும், தகவல் லேட்டாதான் கிடைச்சுது."

ஓபல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ள வா. முட்டை எப்படி வேணும்?"

ஃபெர்ன் நிமிர்ந்து ஆமையைப் பார்த்தாள். "என்னை விட்டுட்டு வந்து அந்தாளு கட்டின கோட்டை இதுதானா?"

வசந்தத்துக்குப் பிறகு ஓபல் சிரித்தது அன்றைக்குத்தான். ஒரு காபிக்காக வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

ஒருநாள் காலையில், பாத்திரம் துடைத்துக்கொண்டே ஃபெர்ன் கேட்டாள். "அந்த மலைக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

ஓபல் வழக்கம்போல் வாயைத் திறந்தாள். வந்தது உண்மைதான். "தெரியாது. நான் போனதில்ல."

"இத்தனை வருஷமா இங்க குந்திக்கிட்டா? அடிப்பாவி! ஏறுடி வண்டியில."

மலையைத் தாண்டியதும் பூமி அகன்றுவிட்டது. சாலை மட்டும் ஒரு கோடாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த வெட்டவெளியில் ஒரு மரம், கிளை முழுக்கச் செருப்பும் ஷூவும். போகிறவர்கள் கயிற்றில் கோத்து வீசியெறிந்தவை. ஃபெர்னும் தன் ஷூக்களைக் கழற்றி வீசினாள். இரண்டு தடவை தலையிலேயே விழுந்தன, அப்புறம் மாட்டிக்கொண்டன. செருப்பு மரத்தைப் பற்றி ஓபல் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மோதி, கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று தலைக்கு மேலே நடந்து போவதுபோல் கேட்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்து நிறுத்திய பெட்ரோல் பம்ப்பில், பஞ்சடைத்த இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி கண்ணாடிப் பெட்டியில் நின்றது. "உயிரோட இருந்தப்போ ரெண்டு வாயும் ஒரே புல்லுக்குச் சண்டை போடும்" என்றார் கடைக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"நம்ம தொழில்காரன்" என்று ஓபல் முணுமுணுத்தாள்.

சாயங்காலம் பாட்டில் வீட்டுக்கு வந்தார்கள். செங்கல்லுக்குப் பதில் காலி பாட்டில்களை அடுக்கி, களிமண் பூசி எவனோ கட்டிவிட்டுப் போன வீடு. உள்ளே வெயில் பச்சையும் தேன் நிறமுமாக இறங்கியது. குளத்தின் அடியில் உட்கார்ந்த மாதிரி இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"நீ ஏன் லெஸ்டரை விட்டுட்டே?" என்று ஓபல் கேட்டாள்.

"சண்டையெல்லாம் இல்ல. எங்கிட்ட ஒரு பியானோ இருந்துச்சு. அவருக்கு வேலை கிடைச்ச இடத்துக்கெல்லாம் அதைத் தூக்கிட்டு அலைய முடியல. ஒரு தடவை வண்டியில ஏத்தவே முடியல. அவர் கிளம்பினாரு. நான் அதோட நின்னுட்டேன்."

ஓபலுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் லெஸ்டர் ஒருமுறை, ஒரே ஒருமுறை, முதல் மனைவியைப் பற்றி 'அவளுக்கு பியானோதான் புருஷன்' என்று சொல்லியிருந்தார். அதை மறந்தே போனதாக அவள் நினைத்திருந்தாள். கார்னிலியாவின் முகத்தை இதுநாள்வரை தான் நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. இனி நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை, எதிரிலேயே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காப்பர் பெல். கூரையில்லாத பாங்கி, சுவரில்லாமல் நின்ற கதவு, தெருவில் உருண்டு விளையாடும் காய்ந்த முட்செடிகள். ஊர்க்கோடியில் தகர வண்டிவீடு ஒன்று. அதிலிருந்து கிழவர் ஒருவர் நாயோடு வந்தார். பெயர் அன்செல்மோ. பாஸ்க் தேசத்திலிருந்து வந்து ஆடு மேய்த்தவர்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா. அந்தம்மாவுக்குச் சத்தம் ஆகாது."

"எந்தம்மாவுக்கு?" என்றாள் ஃபெர்ன்.

"கார்னிலியா அம்மாவுக்கு."

அவர் கதையைச் சொன்னார். ஓபல் சொன்னது அத்தனையும் இருந்தது. அவள் சொல்லாததும் இருந்தது: நீலச் சால்வை, இடது கையில் மோதிரம். மனைவி இறந்து, மந்தையை விற்றுவிட்டுத் திசை தெரியாமல் அலைந்தபோது, வழிப்போக்கன் ஒருவன் சொல்லிக் கேட்டாராம். ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், போகவே இல்லை. ஏதோ ஒரு கோடையில் சுற்றுலா வந்தவர்கள் நிஜ பியானோ ஒன்றையே கொண்டுவந்து பழைய மதுக்கடையில் வைத்துவிட்டுப் போனார்களாம். பொழுது சாய்ந்தால் அவர் அதன் முன்னால் நாற்காலி போட்டுவைப்பார்.

"வாசிச்சுக் கேட்டிருக்கீங்களா?" என்றாள் ஃபெர்ன்.

"காத்தடிச்சா கம்பி லேசா முனகும். வாசிச்சாங்கன்னு சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்றவன் இல்லம்மா."

ஓபலுக்குக் காது சுட்டது. ஃபெர்ன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மதுக்கடைக்குள் போய், தூசு தட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதிக் கட்டைகள் செத்துக் கிடந்தன. செத்தவற்றைத் தாண்டித் தாண்டி அவள் வாசித்த மெட்டு, ஓட்டை விழுந்த பாலத்தில் யாரோ குதித்துக் குதித்து நடப்பதுபோல் இருந்தது. வெளியே சரிவு முழுக்கச் செம்பாகச் சிவந்தது. நாய் வாசற்படியில் படுத்துக்கொண்டது. அன்செல்மோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"பச்சை ஸ்கார்ஃபா இருக்கும்னு நான் நினைக்கல" என்று ஓபலின் காதருகே சொன்னார்.

வாசித்து முடித்து ஃபெர்ன் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். "ஏண்டி, பியானோ வண்டியில ஏறலங்கறது இவங்களுக்கெல்லாம் யாரு சொல்லித் தெரிஞ்சுது?"

"எனக்கென்ன தெரியும்?" ஓபல் மலையைப் பார்த்தாள்.

ஃபெர்ன் அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அங்கே சில நாள் இருந்தார்கள். அன்செல்மோ ஆட்டிறைச்சியும் பீன்ஸும் சமைத்தார். ஃபெர்ன் பியானோவின் வயிற்றைத் திறந்து, கம்பிகளைத் துடைத்து, தொண்டை கட்டிய கட்டைகளை ஒவ்வொன்றாகப் பேசவைத்தாள். பிறகு கார் சாவியை ஓபலிடம் நீட்டினாள்.

"இது முடியறதுக்குப் பனிக்காலம் வந்துடும். நீ வண்டியை எடுத்துட்டுப் போ."

"நீ இங்கேயே இருந்தா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவரா? காலையில எனக்கு ஷூ தேடிட்டு இருந்தாரு, அவர் பொண்டாட்டியோட பழைய ஷூ. அளவு சரியாத்தான் இருக்கு."

ஃபெர்ன் அந்த வருடம் மட்டுமல்ல, எந்த வருடமும் திரும்பவில்லை. பின்னாளில் காப்பர் பெல்லுக்குப் போனவர்கள், அங்கே நிஜமாகவே ஒரு பெண் வாசிப்பதாகவும் பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்து தூங்குவதாகவும் ஓபலிடம் வந்து சொன்னார்கள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கடையைப் பூட்டிவிட்டு, வயதாகிக் கண் மங்கும்வரை அந்தப் பக்கம் போய் வந்தாள்.

ஆனால் அன்றைக்குச் சாவியை வாங்கியவள் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. இன்னும் கிழக்கே போனாள். நடுப்பகலில் சாலை ஓரம் வெள்ளையாக உப்புப் பாலை விரிந்தது. காய்ந்துபோன ஏரி அது. தூரத்தில் தண்ணீர்போல் மினுங்கியது, நெருங்க நெருங்கத் தள்ளிப் போனது. ஓபல் வண்டியைச் சாலையிலிருந்து அதற்குள் இறக்கினாள். கோடு கிடையாது, பலகை கிடையாது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள், பிறகு வலப்பக்கம், பிறகு மனம் போன பக்கம். மலைகள் தரையை விட்டு எழும்பி மிதந்தன. பின்னால் வெள்ளைத் தூசு பெரிய பெரிய வட்டங்களாக எழுந்து, கலைய மனமில்லாமல் அப்படியே நின்றது.