வாசல்வரை வந்துவிட்டுப் போனவர்கள்

உங்கள் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போகிற ஆளுக்கு நீங்கள் கைக்காசு கொடுத்து அனுப்பியதுண்டா? எங்கள் தொழிலே அதுதான்.

இணையத்தில் விளம்பரம் போடுவோம். யாராவது அதை அழுத்தினால் போதும், எங்கள் கஸ்டமர் கட்டிய பணத்திலிருந்து கொஞ்சம் கழிந்துவிடும். அழுத்தியவர் நேராக வந்து இறங்குகிற பக்கத்துக்கு ‘லேண்டிங் பேஜ்’ என்று பெயர். அங்கே அவர் தன் பெயரைப் போட்டு, ‘எனக்கு இன்ன சாமான் வேண்டும்’ என்று எழுதி அனுப்பினால் அதற்குக் ‘கன்வர்ஷன்’ என்று பெயர். எழுதாமல் போய்விட்டால் அதற்குப் பெயரே கிடையாது. பெருமூச்சு மட்டும்தான்.

நான் காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபிறகு கம்ப்யூட்டர் கிளாஸ் போய், ஒரு பேக்கரி மாடியில் இருந்த சின்ன ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி மஞ்சுநாத் சார் இங்கிலீஷில் எழுதித் தருவார். எதை எங்கே வைப்பது, எந்தப் படம், எந்தப் பொத்தான் என்பதெல்லாம் என் பாடு. என் மகள் கயல் அப்போதுதான் தத்தித் தத்தி ஓட ஆரம்பித்திருந்தாள். அவளை லைன் வீட்டில் பக்கத்துக் கதவு ரத்னம்மா அக்காவிடம் விட்டுவிட்டு ஓடுவேன். குழந்தையைப் பிடுங்கி இன்னொரு இடுப்பில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்த அக்கா தங்கைகளே, கஸ்டமருக்குப் பதில் சொல்லித் தொண்டை வறண்ட அண்ணன்மார்களே, இது உங்களுக்குத்தான்.

தண்ணி கேட்காத விருந்தாளிகள்

பாண்டி அண்ணாச்சி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, தொழிற்பேட்டைக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்தவர். இரும்பில் புஷ் கடைந்து கொடுப்பார். புஷ் என்றால் மிஷின்களுக்குள் தண்டு சுற்றுகிற இடத்தில் மாட்டுகிற வளையம். பெரிய வண்டிக் கம்பெனிகளை நம்பிக் கடன் போட்டு, கம்ப்யூட்டர் சொல்கிற அளவில் தானே கடைகிற சி.என்.சி. மிஷின் ஒன்றைப் புதிதாக இறக்கினார். இறக்கிய கொஞ்ச நாளிலேயே உலகம் முழுக்க வியாபாரம் படுத்தது, கம்பெனிகள் ஆர்டரை நிறுத்தின. மிஷினை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேறு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். ஆயுத பூஜைக்குள் வெளியிலிருந்து ஒரு ஆர்டராவது வந்தால் மிஷின் இருக்கும். இல்லையென்றால் அதை விற்றுவிட்டு, அதில் வேலை செய்கிற பையன்களையும் அனுப்பிவிட வேண்டியதுதான். இதைச் சொல்லித்தான் அவர் எங்கள் படி ஏறினார்.

விளம்பரம் ஓட ஆரம்பித்த பிறகு, வந்து பார்த்தவர்கள் எந்தெந்த ஊர் என்று ஒரு உலகப் படத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டினேன். யாருமே ஒரு வரி எழுதவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அண்ணாச்சி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடலுக்கு அந்தாண்டை இருந்த ஒரு புள்ளியை விரலால் தொட்டார். தொட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“இம்புட்டுத் தொலைவுல இருந்து ஒருத்தன் நம்ம பட்டறை வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கான். வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டமே, தாயி!”

பிள்ளையார் வருகிறார்

வாங்க என்று சொல்லாமல் இல்லை. அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். பக்கத்தின் தலையில் அண்ணாச்சி விரும்பிக் கேட்ட பெரிய பிள்ளையார் படம், இரண்டு பக்கமும் ஆடுகிற விளக்குச் சுடர், அதற்குக் கீழே ஓடிக்கொண்டே இருக்கிற ‘வெல்கம்’, அதற்கும் கீழே பட்டறைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டின படம். புஷ்ஷைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே கீழே இறங்கிப் போகவேண்டும். ரிப்பன் வெட்டின படத்தில் மேளக்காரர்கூட இருந்தார்.

எங்கள் ஆபீஸ் இன்டர்நெட் லைன் வேகமானது. அதனால் எல்லாம் சட்டென்று வந்துவிடும். ஒருநாள் லைன் கெட்டுப்போய், மஞ்சுநாத் சார் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தார். திறந்துவிட்டுக் கீழே பேக்கரியில் டீ குடித்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்திருக்கிறார். எங்களிடம் வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “ஏம்மா, நான் ஒரு டீ, ரெண்டு பன் முடிச்சிட்டேன். பிள்ளையாருக்குக் கிரீடம் வந்திருக்கு, கண்ணு வந்திருக்கு. தும்பிக்கை இன்னும் வரல!”

பிள்ளையார் படத்தை அங்கிருந்து எடுத்துவிடவேண்டும் என்று அண்ணாச்சியிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். சாமியைக் கீழே தள்ளி வைக்கலாமா என்றதற்கு, அது இன்னும் தப்பு என்றார். மறுநாள் சட்டம் போட்ட பிள்ளையார் படம் ஒன்றோடு வந்து, ஆணி அடித்து, என் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே மாட்டினார்.

“அவரு அங்கன நிக்க வேண்டாம். இங்கன உக்காந்து வர்றவனைப் பாத்துக்கிடட்டும்.”

பல்லைப் பார்

பக்கம் இப்போது கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. ஆனாலும் யாரும் எழுதவில்லை. அந்த வாரம் என் வீட்டுக்காரரின் அண்ணன் கறவை மாடு வாங்கக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கிளம்பினார். கயலுக்கு மாடு காட்டலாமென்று நாங்களும் போனோம். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதற்கு முன்னால் நடப்பதைக் கவனித்தேன். வாங்க வந்தவர் யார், எந்த ஊர் என்று விற்கிறவர் ஒன்றுமே கேட்கவில்லை. மாட்டின் வயசு தெரியட்டும் என்று அதன் வாயைப் பிளந்து பல்லைக் காட்டினார்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்தது நேர்மாறு. பெயர், கம்பெனி பெயர், பதவி, ஃபேக்ஸ், விலாசம், வருஷ வியாபாரம் எவ்வளவு, எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்று ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி கேட்டுக்கொண்டே போவோம். பல் மட்டும் கண்ணில் படாது. எங்கள் மச்சாண்டார் பாவம், மரியாதைக்கு, “நாங்க ஓசூருங்க” என்று ஆரம்பித்தார். மாட்டுக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது:

“ஊரு எங்கியும் ஓடிடாது சாமி. மொதல்ல வந்து பல்லப் பாரு!”

மாதப்பாவின் கை

மறுநாளே ஆபீஸ் கேமராவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். இந்தத் தொழிலில் பல் எது என்று அண்ணாச்சியைக் கேட்டேன். அளவுதான் என்றார். அந்த சி.என்.சி. மிஷினை ஓட்டுகிறவர் தளிப் பக்கத்து மாதப்பா. முன்பு தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து மிஷின் பழகியவர். அப்போதுதான் கடைந்து முடித்த ஒரு புஷ்ஷை எடுத்துத் துடைத்து, மைக்ரோமீட்டர் கருவியின் வாயில் கொடுத்து, நோகாமல் திருகி, அளவு தெரியும்படி எனக்கு நேராகப் பிடித்தார். ஒரு தலைமுடியைப் பல கூறாகக் கிழித்தால் வருகிற கனம்தான் பிசகு இருக்கலாமாம். அந்தத் தடித்த விரல்கள் அதை அப்படி அலுங்காமல் பிடித்திருந்ததைப் பார்த்து நான் படம் எடுக்கவே மறந்து நின்றுவிட்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்றார். எண்ணெய்க் கறையோடுதான் வேண்டும் என்றேன். முகம் படத்தில் வராது, கை மட்டும்தான் என்றதும் கொஞ்சம் சுணங்கினார். பிறகு அவரே சமாதானம் ஆகிவிட்டார். ஆபீஸில் இன்னும் இரண்டு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் புஷ்ஷை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது மாதப்பா பின்னாலேயே வந்தார்.

“மூஞ்சி வேணாம்னா உடுங்கம்மா. எங்கூட்ல கையப் பாத்தாலே நான்தான்னு சொல்லிருவாங்க.”

இரண்டு வாசல்

பழைய பக்கத்தை அப்படியே விட்டு, புதிதாக இன்னொன்று செய்தோம். தலையில் மாதப்பாவின் கை, கருவி, அளவு. பக்கத்தில் மூன்றே கேள்வி: உங்கள் பெயர், என்ன வேண்டும், எப்படிப் பதில் சொல்வது. விளம்பரத்தை அழுத்தி வருகிறவர்களில் ஒருவரைப் பழைய பக்கத்துக்கும் அடுத்தவரைப் புதிய பக்கத்துக்கும் மாற்றி மாற்றி அனுப்ப கம்ப்யூட்டரிலேயே வழி இருந்தது. ஒரே கோயிலுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தெற்கு வாசலிலும் பாதிப்பேர் கிழக்கு வாசலிலும் நுழைகிறார்கள். இன்னொரு வாசல் இருப்பதே யாருக்கும் தெரியாது. இதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

நவராத்திரி பிறந்துவிட்டது. ஒருநாள் காலையில் நான் ஆபீஸைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும், புதிய வாசல் வழியாக ஒரு கடிதம் வந்து கிடந்தது. நியூசிலாந்தில் பால் கறக்கும் மிஷின் செய்கிற ஒருவர். மாட்டுச் சந்தையில் படித்தது மாட்டுக்காரரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று சிரிப்பு வந்தது, அதோடு கரெண்டும் போனது. யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் மஞ்சுநாத் சார் எட்டிக் குனிந்து படித்து முடித்தார். அண்ணாச்சிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் லேத் ஓடுகிற சத்தம். அதற்கு மேலே அண்ணாச்சியின் குரல் எனக்கே கேட்டது:

“செத்த இருங்க சார், மிஷின நிறுத்திட்டு வாறேன். நின்னு கேக்க வேண்டிய விசயம்லா!”

அந்த ஒன்று

கடிதத்தில் இருந்தது இதுதான்: படத்தில் அளவு தெளிவாகத் தெரிகிறது. சாம்பிளுக்கென்று யார் வேண்டுமானாலும் ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிடலாம். படத்தில் அந்தக் கையில் இருக்கிற அதே புஷ்ஷை அனுப்புங்கள். என் கருவியில் வைத்துப் பார்க்கிறேன். அதே அளவு காட்டினால் ஆர்டர் தருகிறேன்.

அண்ணாச்சி பார்சல் பெட்டியோடு ஆபீஸுக்கு வந்தார். அன்று சாயங்காலமே கூரியரில் போட்டாக வேண்டும். “தாயி, அந்தப் பீஸ் எங்க?” என்றார். என் கைப்பைக்குள் போகிற எதுவும் முதலில் கயல் கைக்குத்தான் போகும். புஷ் அவள் மணிக்கட்டுக்கு வளையல் மாதிரி அளவாக இருந்தது. அதை மாட்டிக்கொண்டுதான் சாப்பாடு, அதை மாட்டிக்கொண்டுதான் தூக்கம். ஆர்டரெல்லாம் யார் கண்டது என்று நானும் விட்டிருந்தேன். மஞ்சுநாத் சார் தொண்டையைக் கனைத்தார். “அண்ணாச்சி, வேற ஒண்ணு அதே மாதிரி அனுப்பிட்டா? அவருக்கு எப்படித் தெரியும்?”

அண்ணாச்சி பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “அவனுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியுமே.”

ஆட்டோ பிடித்து எங்கள் லைன் வீட்டுக்கு வந்தோம். கயல் வாசலில் தண்ணீர்க் குடத்தை அந்த இரும்பு வளையலால் டங் டங்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நான் முறுக்கு காட்டினேன். என் கண்ணாடி வளையலைக் கழற்றிக் காட்டினேன். அழுவது போல நடித்தேன். ரத்னம்மா அக்கா தெலுங்கில் கொஞ்சினாள். ஊஹூம். வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பெட்டி திறந்தபடி அண்ணாச்சியின் கக்கத்தில் இருந்தது.

மீதிக் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவிக்க வேண்டாம். மாதப்பா அதை எண்ணெய் போட்டுத் துடைத்து அளந்து பார்த்தார். குடத்தில்தான் சொட்டை விழுந்திருந்தது, புஷ்ஷில் ஒரு கீறல் இல்லை. குழந்தை அதை வளையலாக மாட்டியிருந்த விஷயத்தை ஒளிக்காமல் எழுதி அனுப்பினோம். பதில் வரட்டும் என்று அண்ணாச்சி விற்பதைத் தள்ளிப்போட்டதால், ஆயுத பூஜையன்று மிஷின் அதே இடத்தில்தான் நின்றது. நியூசிலாந்திலிருந்து ‘அளவு சரி, ஆர்டர் தருகிறேன்’ என்ற பதில் வரும்வரை ஒரு மாலையோடு நின்றது, வந்த மறுநாள் அண்ணாச்சி இன்னொரு மாலை போட்டார். பையன்கள் ஒருவரையும் அனுப்பவில்லை.

அப்புறம் எத்தனையோ பக்கங்கள் செய்துவிட்டேன்; என் அனுபவத்தில், முகம் தெரியாத ஒருவரைக் கடலுக்கு அப்பால் ஒரு பொத்தானை அழுத்த வைத்துவிடலாம், வீட்டில் இருப்பவளின் மூடிய விரலைத் திறக்க வைப்பதற்குத்தான் எந்த வாசலும் கிடையாது. அன்றைக்கு அண்ணாச்சி எங்கள் எல்லோரையும் விலக்கிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, கயல் உயரத்துக்குத் தரையில் குந்தினார். அவர் கண் கலங்கியிருந்ததா, வெயிலா, தெரியவில்லை. ஆர்டர் கேட்டு எந்தக் கம்பெனி வாசலிலும் அவர் அவ்வளவு பணிவாகப் பேசியிருக்க மாட்டார்.

“ஏ தாயி, அந்த வளையல அண்ணாச்சிக்குக் குடுத்திரு தாயி. இன்னிக்கே பளபளன்னு வேற ஒண்ணு கடஞ்சு கொண்டாந்து நானே உன் கையில மாட்டிவிடுதேன்.”